பள்ளிக் கண்காட்சி மேசைக்கு அளந்து செய்த மாதிரிகள் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடைபெறும் பருவம் நெருங்கியதும், பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலிச் சந்திப்பிலும் உள்ள எழுதுபொருள் கடைகளில் எரிமலையும் காற்றாலையும் மழைநீர் சேகரிப்பு வீடும் தெர்மோகோலில் ஆயத்தமாக வந்து இறங்கிவிடுகின்றன. முதல் நாள் மாலையில் வாங்கப்பட்டு, மறுநாள் மாணவரின் பெயர் ஒட்டப்பட்டு, சில மணி நேரம் மேசையில் இருந்துவிட்டு அவை குப்பைக்குப் போகின்றன. வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் தாய் தந்தையரைக் குறை கூறுவதற்காக இதை நான் எழுதவில்லை. அவர்களுக்கு வேறு வழி எதையும் யாரும் காட்டவில்லை என்பதே என் வருத்தம். நாள்தோறும் தான் பார்க்கும் ஒரு பொருளை ஒரு மாணவர் தானே அளந்து, கணக்கிட்டுச் சுருக்கி, தன் கையால் செய்து, வண்ணம் தீட்டிக் கொண்டுவர முடியும். அதற்குப் பெரும் பணமும் தேவையில்லை. கட்டட வரைபடங்கள் வரையும் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இளமை முதல் அளவு மாதிரிகளைச் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவன் என்ற முறையிலும், இந்தக் கலை நம் திருநெல்வேலிச் சீமையின் பள்ளிகளுக்குள் வரவேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்குக்கு உயிர் விகிதம்தான். ஒரு பொருளின் ஒவ்வோர் அளவையும் ஒரே எண்ணால் வகுத்துச் சிறிதாக்க வேண்டும். ஒரு கதவு மட்டும் சற்றே பெரிதாகிவிட்டாலும் மொத்தக் கட்டடமும் பொய்யாகத் தெரியும். விமானங்களுக்கு 1/72, 1/48 ஆகிய அளவுகளும், பீரங்கி வண்டிகளுக்கு 1/35 அளவும், கப்பல்களுக்கு 1/350, 1/700 ஆகிய அளவுகளும், ரயில்களுக்கு 1/87, 1/160 ஆகிய அளவுகளும் உலகெங்கும் வழக்கில் உள்ளன. 1/72 என்றால் ஆறடி ஓர் அங்குலமாகும். 1/48 என்றால் நான்கடி ஓர் அங்குலமாகும். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் 1/35 அளவில் 48 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பார். 1/72 அளவில் 23 மில்லிமீட்டர்தான். அந்த 23 மில்லிமீட்டருக்குள் வேட்டியின் மடிப்பையும், தோளில் கிடக்கும் துண்டின் கரையையும், நெற்றியில் இட்ட திருநீற்றையும் மெல்லிய தூரிகையால் தீட்டிக் காட்டுவோர் இருக்கிறார்கள். விகிதமும் விகித சமமும் நம் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே வருகின்றன. ஆனால் கரும்பலகையில் போட்ட விகிதக் கணக்கைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பிள்ளை, தன் வீட்டுக் கதவை 48 ஆல் வகுத்து அட்டையில் வெட்டிப் பார்த்த பிறகு அதை மறப்பதில்லை. நீளம் 72 இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது பரப்பு 5,184 இல் ஒரு பங்காகவும், கனஅளவு 3,73,248 இல் ஒரு பங்காகவும் சுருங்கிவிடுகின்றன என்பதைக் கணக்கிட்டுக் காணும் மாணவருக்கு, பெரிய தேர் நகர்வதற்கு ஊரே கூடி வடம் பிடிக்க வேண்டியிருக்க, அதே மரத்தில் செய்த அதன் மாதிரி ஒரு விரலால் தள்ளினாலே ஓடிவிடுவது ஏன் என்பதும் விளங்கிவிடும்.

வெளிநாடுகளில் இது வளர்ந்த வரலாறும் சொல்லத் தக்கது. நிக்கோலஸ் கோவ் என்பவர் 1939 இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், காற்றடைத்த ரப்பர் பொம்மைகளையும் பிறகு சீப்புகளையும் செய்து விற்று, 1952 இல் ‘கோல்டன் ஹைண்ட்’ என்னும் பழைய பாய்மரக் கப்பலின் சிறு மாதிரியைப் பிரித்த பாகங்களாகப் பொதியில் இட்டு மலிவு விலைக்கு விற்கத் தொடங்கியது. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தாமியா நிறுவனம் 1946 இல் மர வியாபாரத்தில் தொடங்கி, மரத்தாலான மாதிரிகளுக்கு வந்து, 1960 இல் ‘யமாட்டோ’ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. இன்று பீரங்கி வண்டிகளுக்கு உலகமே பின்பற்றும் 1/35 அளவு, 1961 இல் அந்நிறுவனம் செய்த பாந்தர் பீரங்கி வண்டிக்குள் மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டும் என்பதற்காகப் பிறந்தது. அந்நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய ஷுன்சாக்கு தாமியா, போர்ஷே 911 காரின் 1/12 மாதிரியை வடிவமைப்பதற்காக அந்தக் காரையே விலைக்கு வாங்கிப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்க்கச் செய்தார். நான் பெரிதும் மதிப்பது இந்தப் பிடிவாதத்தைத்தான். படத்தைப் பார்த்துச் செய்வதற்கும், பொருளைத் தொட்டு அளந்து செய்வதற்கும் இடையே உள்ள தொலைவு, செய்து முடித்த மாதிரியில் அப்படியே தெரியும்.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவோருக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1942 இல் அமெரிக்கக் கடற்படை, விமானங்களை அடையாளம் காணும் பயிற்சிக்காக ஐந்து லட்சம் விமான மாதிரிகளை 1/72 அளவில் செய்து தருமாறு தன் நாட்டுப் பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த அளவில் செய்த விமானத்தை 35 அடி தூரத்தில் பிடித்தால், உண்மையான விமானத்தை ஏறத்தாழ அரை மைல் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு அது சமம். பயிற்சிக்குத் தேவையானது விமானத்தின் உருவக்கோடு மட்டுமே என்பதால் அவற்றுக்குக் கறுப்பு வண்ணமே பூசப்பட்டது. போர்க்கால ஏற்பாடு அது. அதில் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு தேசம் பொறுப்பான ஒரு வேலையைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் நம்பிக் கொடுத்தது என்பதும், விகிதம் தவறாமல் அவர்கள் செய்வார்கள் என்று எதிர்பார்த்தது என்பதும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

நம் மண்ணுக்கு இது புதிதென்று யாரும் நினைக்க வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்ஸாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த வெண்கலக் கலங்களின் மூடிகள்மீது எருமையும் பறவைகளும் சிற்றுருவங்களாக அமர்ந்திருக்கின்றன. எருமையின் கொம்பு வளைவை அத்தனை சிறிய அளவில் வார்த்தவர்கள் அந்த விலங்கை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்! அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகளில் மஞ்சக்கடம்பு மரத்தில் செய்த சொப்புச் சாமான்களை வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்காத பிள்ளைகள் எங்கள் தலைமுறையில் அரிது. சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்தி, உரசலின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படிந்து பளபளப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் அந்தக் கைத்திறனுக்குத் தலைவணங்குவார்கள். சொப்பு என்பது விளையாட்டுப் பொருள். அம்மிக்கும் குடத்துக்கும் உரலுக்கும் ஒரே விகிதம் அங்கே இராது, இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அதே கடைசல் ஆசாரியிடம் ஒரு பழைய வீட்டு முகப்புத் தூணின் அளவுகளைக் கொடுத்து, 1/24 இல் கடைந்து தரச் சொன்னால், பத்தடித் தூண் ஐந்து அங்குலத்தில் குடமும் வளையமும் சிதையாமல் வந்துவிடும். வெளிநாட்டு ஆர்வலர்கள் இதற்கென்றே சிறு கடைசல் இயந்திரங்களை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு பழகுகிறார்கள். நமக்கோ பரம்பரையாகக் கற்ற கைகள் பக்கத்து ஊரிலேயே இருக்கின்றன. அவர்களுக்கும் புதிய வேலை வேண்டியிருக்கிறது.

எதைச் செய்வது என்ற கேள்விக்கு என் முதல் பதில் சுலோச்சன முதலியார் பாலம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரவருணியைக் கடப்பதற்காக, சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து எழுப்பிய இப்பாலம் 1843 இல் திறக்கப்பட்டது. லண்டன் வாட்டர்லூ பாலத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 60 அடி அகலமுள்ள 11 வளைவுகளும், வளைவுகளுக்கு இடையே இரட்டைத் தூண்களுமாக, ஏறத்தாழ 760 அடி நீளத்தில் அது அமைந்தது. முன்மாதிரியாக இருந்த அந்த லண்டன் பாலம் 1930களிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. நம்முடையது இன்றும் பேருந்துகளைச் சுமந்து நிற்கிறது. இதை 1/72 இல் செய்தால் பத்தரை அடி நீளம் வரும். வகுப்பறையில் இடம் போதாது. 1/160 இல் செய்தால் மொத்த நீளம் நான்கே முக்கால் அடி. ஒரு வளைவின் அகலம் நான்கரை அங்குலம். ஒரு வகுப்பில் பதினொரு பிள்ளைகளைத் தேர்ந்து, ஆளுக்கொரு வளைவைப் பங்கிட்டுக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் செய்தது மற்றவர் செய்ததோடு பொருந்த வேண்டுமானால், எல்லாரும் ஒரே வரைபடத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்; அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பதினோராவது வளைவு வரும்போது அது ஐந்தரை மில்லிமீட்டராகிவிடும். ஒருவருக்கொருவர் இணங்கி வேலை செய்வதைப் பற்றி வகுப்பில் எவ்வளவு பேசினாலும், இந்த ஒரு பாலம் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வராது.

அளப்பதற்குப் போக்குவரத்துக்கு நடுவே நிற்க வேண்டியதில்லை. பிள்ளைகளை அங்கே நிறுத்தவும் கூடாது. ஆற்றில் நீர் வற்றிய கோடையில், பெரியவர் துணையோடு படித்துறைப் பக்கமாக இறங்கி, மூன்றடிக் கம்பு ஒன்றைத் தூணோடு சாய்த்து வைத்து நேர் எதிரிலிருந்து ஒரு நிழற்படம் எடுத்தால் போதும். படத்தில் கம்பின் நீளம் தெரிந்த அளவு, அதைக் கொண்டு மற்ற அளவுகளைக் கணக்கிடலாம். எட்டாத உயரத்தை நிழலைக் கொண்டு அறியலாம்: ஒரே நேரத்தில் கம்பின் நிழலையும் தூணின் நிழலையும் அளந்தால் விகித சமம் மற்றதைச் சொல்லிவிடும். இப்படி அளக்கப் போகும் பிள்ளைகள், பழைய பகுதிக்கும் பின்னாளில் அகலப்படுத்திய பகுதிக்கும் உள்ள வேறுபாட்டையும், வெள்ள நீர் நின்ற மட்டத்தின் கறையையும் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பாலத்தை ஆயுள் முழுவதும் கடந்தவர்களில் எத்தனை பேர் அவற்றைப் பார்த்திருக்கிறார்கள்?

இரண்டாவதாக, நம் வீடுகள். திருநெல்வேலி டவுணின் ரத வீதிகளை ஒட்டிய தெருக்களில், ஒன்றன் சுவரோடு மற்றொன்று ஒட்டி நிற்கும் நீள வீடுகள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன. தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, வானவெளி, புறவாசல் என்று உள்ளே போகப் போக நீளும் அந்த அமைப்பையும், மேலே இருக்கும் மச்சையும், அதற்கு ஏறும் குறுகிய படிகளையும் இன்று பிறக்கும் குழந்தை எங்கே போய்ப் பார்க்கும்? ஒரு வீடு இடிபடும்போது நிலைக்கதவும் தூண்களும் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. அறைகள் ஒன்றுக்கொன்று எப்படி இணைந்திருந்தன என்ற செய்தி எங்கும் போவதில்லை, அங்கேயே அழிந்துவிடுகிறது. 12 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட ஒரு வீடு 1/48 இல் மூன்று அங்குல அகலமும் பதினைந்து அங்குல நீளமும் கொண்டதாக ஒரு பலகையில் அடங்கிவிடும். கூரையைத் தனியே கழற்றி எடுக்கும்படி செய்துவிட்டால் உள்ளே உள்ள கட்டுகள் அனைத்தையும் காட்டலாம். ஒன்றரை அடி கனமுள்ள பழைய சுவர் இந்த அளவில் ஒன்பதரை மில்லிமீட்டர் வரும். ஐந்து மில்லிமீட்டர் சன்போர்டு என்னும் நுரைப் பலகை இரண்டை ஒட்டிச் சற்றுத் தேய்த்தால் சரியாக இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரை ஊர்களில் எத்தனையோ பழைய வீடுகள் கரைந்து விழுந்ததை நாம் பார்த்தோம். அவற்றில் ஒன்றையாவது அதற்கு முன்பு யாரேனும் அளந்து வைத்திருந்தால் என்று அப்போது மனம் பதைத்தது.

மூன்றாவதாக, ரயில். 1904 இல் திறக்கப்பட்ட செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில், தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள மீட்டர் பாதை வண்டிகள் 2010 இல் நின்றுபோய், அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018 இல் மீண்டும் வண்டிகள் ஓடத் தொடங்கின. குகைகளையும், மலையாளக் கரையில் உள்ள பதின்மூன்று கண் பாலத்தையும் கடந்து போன அந்தச் சிறு பெட்டிகளில் பயணம் செய்தவர்கள் நம் மாவட்டங்களில் ஏராளம். இன்றைய பிள்ளைகள் மீட்டர் பாதை வண்டியைப் பார்த்ததே இல்லை. ரயில் மாதிரி ஆர்வலர்கள் அதிகம் கையாளும் 1/87 அளவில் கடைகளில் கிடைக்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர், அது 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு உரியது. நம் அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டர் அதே அளவில் 19 மில்லிமீட்டரைத் தாண்டும். ஆகவே வெளிநாட்டுத் தண்டவாளத்தின்மேல் நம் பெட்டியை ஏற்றினால், பெட்டி அகலமாகவும் பாதை குறுகலாகவும் கண்ணுக்கு ஒவ்வாமல் நிற்கும். மீட்டர் பாதையோ 1/87 இல் பதினொன்றரை மில்லிமீட்டர் வருகிறது; 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு ஏறக்குறையப் பொருந்திவிடும். நம் பழைய வண்டிகளின் மாதிரியைப் பெட்டியில் அடைத்து எந்தப் பெரிய நிறுவனமும் விற்று நான் கண்டதில்லை. செய்ய வேண்டுமானால் நாமேதான் செய்ய வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சிமார் எத்தனையோ பேர் திருநெல்வேலியிலும் தென்காசியிலும் இருக்கிறார்கள். பெட்டியின் செங்காவி நிறம் எந்த அளவு கருத்திருந்தது, நீராவி எஞ்சினின் எந்தப் பக்கத்தில் எண்ணெய் வடிந்திருக்கும் என்பதையெல்லாம் அவர்கள் இப்போதும் சொல்வார்கள். பிள்ளைகள் போய்க் கேட்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

வண்ணம் தீட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் நன்றாகச் செய்த மாதிரிகளும் இங்கேதான் கெட்டுப்போகின்றன. கடையில் வாங்கிய வண்ணத்தைப் புட்டியிலிருந்து அப்படியே எடுத்துப் பூசினால் மாதிரி பொம்மையாகிவிடும். தொலைவில் உள்ள பொருளின் நிறம் நடுவே உள்ள காற்றால் வெளிறித் தெரிவது இயல்பு. பொதிகை மலை திருநெல்வேலியிலிருந்து நீலமாகத் தெரிவதும் இதனால்தான். கையருகே வைத்துப் பார்க்கும் சிறு மாதிரி, மனத்துக்குத் தொலைவில் உள்ள பெரிய பொருளாகத் தோன்ற வேண்டுமானால், அசல் நிறத்தோடு சிறிது வெள்ளையோ சாம்பலோ கலந்து வெளிறச் செய்ய வேண்டும். மாதிரி எவ்வளவு சிறியதோ அவ்வளவு கூடுதலாகக் கலக்க வேண்டும். முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் சிறு மாதிரிகளில் எங்கும் கூடாது. முதலில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு, அதன்மேல் மெல்லிய பூச்சுகளாக அடிநிறம், பிறகு மிக நீர்த்த கருநிறத்தை இடுக்குகளில் ஓடவிட்டு நிழல் காட்டுதல், கடைசியாக வண்ணத்தைத் துணியில் துடைத்துவிட்ட உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை மட்டும் தொட்டு ஒளி காட்டுதல் என்பதே பழகிய முறை. அதன்பிறகு புழுதி. இங்கே ஊரறிவு வேண்டும். பாளையங்கோட்டையில் நிற்கும் வண்டியின் சக்கரத்தில் படிந்த புழுதியும், தேரிக்காட்டுப் பக்கம் போய்வந்த வண்டியின் செம்புழுதியும் ஒன்றல்ல. அந்தந்த ஊர் மண்ணையே மெல்லிய துணியில் சலித்து எடுத்து, நீர்த்த பசையோடு சேர்த்துப் பூசுவது நான் கண்ட வழிகளுள் சிறந்தது. எந்த நிறுவனத்தின் புட்டியிலும் அந்த நிறம் கிடைக்காது.

நம் பருவநிலையையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் குளிர்நாட்டார் எழுதிய அறிவுரைகள் இங்கே பல நேரம் பொருந்துவதில்லை. காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷைப் பயன்படுத்துவோர் வண்ணத்தைப் பாலின் பதத்துக்குக் கரைக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் சித்திரை வெயிலில் அக்ரிலிக் வண்ணம் முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளிகள் சேர்த்து, விடியற்காலையில் வேலையை முடித்துவிடுவது நல்லது. ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வீசும் காற்று கிளப்பும் புழுதி ஈரமான பூச்சின்மேல் வந்து ஒட்டும். அந்த மாதங்களில் வெட்டுவதையும் ஒட்டுவதையும் வைத்துக்கொண்டு, வண்ணத்தைத் தள்ளிப்போடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லாக்கர் வகை வண்ணங்களைத் தெளித்தால், கரைப்பான் விரைவாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரச் செய்ய, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பூச்சு வெளுத்துவிடும். இவற்றையெல்லாம் ஒரு பிள்ளை தானே கவனித்துத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அதுவே சிறந்த அறிவியல் செய்முறை என்பேன்.

செலவைப் பற்றிய கவலை நியாயமானது. மாதிரியின் பாகங்களை அடைத்து இறக்குமதியாகும் பெட்டிகளின் விலை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. சாதாரணக் குடும்பங்களால் அதை வாங்க இயலாது. ஆனால் நான் வேண்டுவது பெட்டி வாங்குவதை அன்று. அட்டை, பழைய சாதிக்காய்ப் பெட்டிப் பலகை, கூரைக் கழிகளுக்குத் தென்னை ஈர்க்கு, ஓட்டுக்குக் காருக்குறிச்சிப் பக்கத்துக் களிமண், கூரை வேய்வதற்குப் பத்தமடைப் பாய் நெய்யும் கோரையின் கழிவு, ஃபெவிகால், பள்ளியில் பயன்படுத்தும் அக்ரிலிக் வண்ணங்கள், நல்ல தூரிகை இரண்டு, ஓர் இரும்பு அளவுகோல் ஆகியவை போதும். பத்தமடையில் மெல்லியதாக வகிர்ந்த கோரையைவிட 1/35 அளவுக் குடிசைக்கு ஏற்ற கூரைப் பொருளை நான் கண்டதில்லை. மாவுப்பசை மட்டும் வேண்டாம், பூச்சி அரித்துவிடும்.

பாதுகாப்பில் கண்டிப்பு வேண்டும். கூர்ங்கத்தியைச் சிறு வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது; அவர்களுக்குக் கத்தரிக்கோலும் களிமண்ணும் போதும். எனாமல், லாக்கர் வகை வண்ணங்களையும் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசையையும் காற்றோட்டமுள்ள இடத்தில், கரிவடிகட்டி உள்ள முகமூடியோடு பெரியவர்களே கையாள வேண்டும். இப்போது பொறியியல் கல்லூரி மாணவர்கள் ரெசின் என்னும் திரவப் பிசினைப் பயன்படுத்தும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் நுண்ணிய பாகங்களை வார்த்து எடுக்கிறார்கள். நல்ல துணைக்கருவிதான், ஆனால் உறையாத ரெசின் தோலில் படுவது தீங்கு. கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

தேர்வும் மதிப்பெண்ணும் நெருக்கும் காலத்தில் இதற்கு நேரம் ஏது என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். கண்காட்சி எப்படியும் நடக்கத்தான் போகிறது. மாதிரியும் எப்படியும் வைக்கத்தான் போகிறார்கள். நான் கேட்பது ஒரு மாற்றத்தை மட்டுமே. மாதிரியோடு கூட அளவுக் குறிப்பேடும் இருக்க வேண்டும் என்று விதித்துவிடுங்கள். எந்தப் பொருள், எந்த நாளில் அளந்தது, அசல் அளவுகள் எவை, எந்த விகிதத்தில் சுருக்கியது, எங்கே தோராயமாக வைத்துக்கொண்டது, எந்த நிறங்களை எந்தக் கலவையில் பெற்றது என்பவை அதில் மாணவரின் கையெழுத்தில் இருக்கட்டும். மதிப்பெண்ணில் பாதியைக் குறிப்பேட்டுக்குக் கொடுத்தால், கடையில் வாங்கி வைக்கும் வழக்கம் தானாகவே நின்றுவிடும். மாதிரி கோணலாக வந்திருந்தாலும் அளவுகள் உண்மையாக இருந்தால் பரிசு அதற்கே போகட்டும்.

1987 முதல் கொக்கிரகுளத்தில் இயங்கிவரும் மாவட்ட அறிவியல் மையத்துக்கும், பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். சனி, ஞாயிறு மாலைகளில் ஒரு நீண்ட மேசையும், நல்ல விளக்கும், நான்கைந்து அளவுகோல்களும் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். சொல்லிக்கொடுக்க என்னைப் போன்ற ஓய்வு பெற்ற வரைவாளர்களும், நில அளவையாளர்களும், தச்சு ஆசாரிமாரும் ஊதியம் எதிர்பாராமல் வருவோம். நல்ல மாதிரிகளை ஒரு கண்ணாடி அலமாரியில் அடுத்த ஆண்டுவரை வைத்திருந்தால், அடுத்து வரும் பிள்ளைகள் அதைப் பார்த்து அதைவிட நன்றாகச் செய்ய முனைவார்கள்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாரம் ஒருமுறை, மாணவர் பக்கத்தில் ஒரு சிறு இடம் ஒதுக்கி, அளந்து செய்த மாதிரி ஒன்றின் படத்தையும், அதன் பக்கத்தில் அசல் பொருளின் படத்தையும், விகிதத்தையும் வெளியிட வேண்டும். பாலத்தின் பதினொரு வளைவுகளையும் செய்ய முன்வரும் முதல் பள்ளிக்கு, 1/160 அளவில் நான் வரைந்து வைத்திருக்கும் வரைபடத்தின் நகலைத் தங்கள் அலுவலகம் வழியாக அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் அதைப் பார்த்து அப்படியே வெட்டிவிடாமல், ஒரு வளைவையேனும் ஆற்றில் இறங்கித் தாங்களே அளந்து, என் அளவு சரிதானா என்று பிள்ளைகள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற வரைவாளர்,
பாளையங்கோட்டை.